லாயத்தில் வீட்டுக்காரரின் கைவேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு. அதில் மூன்று குதிரைகள். செல்லி, மார்வாரி இனப் பெண்குதிரை. ராஜா, கத்தியவாரி இனம், காயடித்த ஆண்குதிரை. குண்டுமணி, பிள்ளைகள் ஏறிப் பழகிய மட்டக்குதிரை. தீனி, தேய்ப்பு, சவாரி, மருந்து எல்லாம் என் பொறுப்பு. வேலி, கதவு, தொட்டி, கூரை என் வீட்டுக்காரர் பொறுப்பு. நார் மில்லில் 20 வருஷம் ஃபிட்டராக இருந்தவர். வெல்டிங் மெஷினும் கிரைண்டரும் பக்கத்தில் இருந்தால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் குதிரையைப் பார்க்கிறார்கள், மீதிப் பேர் கதவுத் தாழ்ப்பாளைக் குனிந்து பார்க்கிறார்கள். ஃபோனில் வருவதும் அதே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதிவிடுகிறேன்.

மாட்டுக் கொட்டகை காலியாக இருக்கிறது. அதையே லாயமாக்கிக்கொள்ளலாமா?

ஆக்கலாம். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். ஆனால் மாட்டுக்குப் போதுமானது குதிரைக்கும் போதும் என்று நினைத்ததுதான் எங்கள் முதல் தப்பு. மாடு பெரும்பாலும் தலையைத் தாழ்த்தியே நிற்கும். குதிரை ஒரு சத்தம் கேட்டால் சட்டென்று தலையைத் தூக்கும், சில நேரம் முன்னங்காலையும் சேர்த்து. எங்கள் பழைய கட்டுத்தரையின் சாய்ப்பு ஓரத்தில் 7 அடிதான் இருந்தது. வந்த முதல் வாரமே ராஜா தகரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டான். அப்புறம் கூரையைக் கழற்றி, இரும்புக் கால்களில் துண்டு வைத்து வெல்டு செய்து, 11 அடிக்கு ஏற்றினார். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இரண்டடி இடைவெளி விட்டார். அந்த வழியாகத்தான் சூடும் மூத்திர வாடையும் வெளியே போகின்றன.

ஒரு குதிரைக்கு 12க்கு 12 அடி அறை. குண்டுமணிக்கு 10க்கு 10 போதும். கதவு 4 அடி அகலம் வேண்டும், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கிற கதவு வைத்து, குதிரை அதன் மேல் சாய்ந்து படுத்துவிட்டால் நீங்கள் வெளியே நின்று வேடிக்கை பார்க்கத்தான் முடியும்.

அவர் ஒரு வேலையை முடித்ததும் நீங்கள் பழைய சேலையை வைத்துத் தேய்க்கிறீர்களே, எதற்கு?

அதுதான் எங்கள் வீட்டில் ஆர்.டி.ஓ. பரிசோதனை. நைந்துபோன நூல் சேலை ஒன்று இதற்கென்றே ஆணியில் தொங்குகிறது. கதவு, தொட்டி விளிம்பு, குழாய் முனை, கொக்கி என்று எது புதிதாக வந்தாலும் அந்தச் சேலையைப் பந்தாகச் சுருட்டி நாலு பக்கமும் அழுத்தி இழுப்பேன். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே குதிரைத் தோலும் மாட்டும். கையால் தடவினால் தெரியாத வெல்டிங் பிசிறுகூட சேலையில் மாட்டிக்கொள்ளும். முழங்கால், மார்பு, கண் இந்த மூன்று உயரத்திலும் இரண்டு தடவை இழுக்க வேண்டும்.

“அதெல்லாம் ஒன்னும் ஆகாது, உடு” என்பார். ஒரு கதவில் 11 இடத்தில் சேலை கிழிந்த பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். இப்போது அவரே கிரைண்டரோடு சேலையையும் கேட்டு வாங்கிப் போகிறார்.

தரைக்குக் கறுப்பாக விரித்திருப்பது என்ன?

பழைய கன்வேயர் பெல்ட். நார் மில், கல் குவாரி, சிமெண்ட் ஆலை எல்லாவற்றிலும் தேய்ந்ததைக் கழித்துவிடுவார்கள். பழைய சாமான் கடையில் எடைபோட்டுத் தருவார்கள். வெறும் கான்கிரீட் குதிரைக்கு ஆகாது. ஈரமானால் வழுக்கும், நாள் முழுக்க நின்றால் மூட்டைத் தின்றுவிடும். வாங்கும்போது ஓரத்தை வெட்டிப் பாருங்கள். உள்ளே துணி அடுக்கு இருந்தால் வாங்கலாம். எஃகுக் கம்பி ஓடுகிற ரகம் என்றால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ரப்பர் தேய்ந்ததும் கம்பி ஊசியாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

பெல்ட்டுக்கு மேலே தேங்காய் நார்த்தூள். எங்கள் ஊரில் அது மலையாகக் கிடக்கிறது, மூத்திரத்தை நன்றாக உறிஞ்சும். காய்ந்த தூள் மூக்கில் ஏறிக் குதிரை இருமும் என்பதால் சலித்து, லேசாகத் தண்ணீர் தெளித்துத்தான் பரப்புவோம்.

முள்கம்பி வேலியை எடுத்துவிட்டீர்களாமே? திருட்டுக்குப் பயமில்லையா?

தோப்பின் வெளிச்சுற்றில் முள்கம்பி இன்னும் இருக்கிறது. குதிரை மேயும் இடத்தில்தான் இல்லை. குதிரைக்குப் பயம் வந்தால் முதலில் ஓடும், அப்புறம்தான் யோசிக்கும். மெல்லிய கம்பி ஓட்டத்தில் அதன் கண்ணுக்குப் படாது. காலில் கம்பி சிக்கினால் மாடு பெரும்பாலும் நின்று விடுவிக்கக் காத்திருக்கும். குதிரை பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும், பிய்வது தோலும் நரம்பும்தான்.

அதனால் மேய்ச்சல் இடத்துக்குக் கல்லுக்கால் நட்டு, முற்றிய தென்னை மரத்தை அறுத்த சட்டங்களை மூன்று வரிசை கட்டினார். தரையிலிருந்து நாலரை அடி உயரம். சட்டம் கல்லுக்காலின் உள்பக்கம் இருக்க வேண்டும், அதாவது குதிரை நிற்கிற பக்கம். வெளிப்பக்கம் கட்டினால் முதுகு சொறிய ஒருமுறை சாய்ந்தாலே போல்ட் கழன்றுவிடும். எங்களுடையது கழன்றது. மூலைகளைச் செங்கோணமாக விடாமல் வளைத்து விட்டிருக்கிறார். செல்லி ராஜாவைத் துரத்தும்போது அவன் மூலையில் மாட்டி உதை வாங்குவதில்லை.

மேல் சட்டத்துக்கு உள்பக்கம் ஒன்றரை அங்குல அகலத்தில் வெள்ளை மின்நாடா ஓடுகிறது. அது பேட்டரியும் சோலார் தகடும் வைத்த வேலிக் கருவி. நொடிக்கு ஒரு துடிப்பு, சுள்ளென்று அடிக்கும், ஆளைக் கொல்லாது. இதில் நாடாவைவிட எர்த் முக்கியம். 6 அடிக் கம்பி மூன்றைத் தள்ளித் தள்ளி இறக்கி இணைத்திருக்கிறார். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்தால் ஷாக் சப்பென்று ஆகிவிடும்; எர்த் கம்பியடியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் சரியாகும். செல்லி வாரம் ஒருமுறை மீசை மயிரால் நாடாவைத் தொட்டுப் பரிசோதிக்கிறாள். எர்த் காய்ந்தது எங்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும்.

வீட்டு லைனிலிருந்து நேராக வேலிக்குக் கரண்ட் கொடுப்பதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அது குற்றம், கொலைக்குச் சமம். மலையடிவாரத்தில் அப்படிப் போட்ட வேலிகளில் யானையும் செத்திருக்கிறது, மனிதரும் செத்திருக்கிறார்கள். சூரிய மின்வேலி என்றாலும் காட்டை ஒட்டிய பூமிக்கு வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். 2023இல் தமிழ்நாடு அரசு அதற்குத் தனி விதிகளே கொண்டுவந்தது. கருவி வாங்குவதற்கு முன்னால் விசாரித்துவிடுங்கள்.

ஒரு கதவுக்கு எதற்கு மூன்று தாழ்ப்பாள்?

செல்லிக்காக. முதலில் சாதாரணக் கொண்டிதான் இருந்தது. ஒருநாள் விடிகாலை மூன்று மணிக்கு வாசலில் டக் டக் என்று சத்தம். எழுந்து பார்த்தால் செல்லி துளசி மாடத்தைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறாள். அவிழ்த்துவிட்டது யார் என்று வேலைக்கு வருகிற அண்ணனைத் திட்டினோம், பாவம். அடுத்த ராத்திரி ஒளிந்து நின்று பார்த்தேன். மேலுதட்டை நீட்டிக் கொண்டியின் குமிழைத் தடவினாள், மேலே தூக்கினாள், அப்புறம் பல்லால் கவ்விப் பக்கவாட்டில் இழுத்தாள். என் மகன் பள்ளிக்கூடத்துக்கு ஷூ கயிறு கட்டுவதைவிடச் சீக்கிரம் முடித்துவிட்டாள்.

வீட்டுக்காரர் ஸ்பிரிங் வைத்த கொண்டி செய்தார். நாலு நாளில் திறந்தாள். நாய்ச் சங்கிலிக் கொக்கி போட்டார். அதைத் திறக்கவில்லை, ஆனால் வாயில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தாள். கொக்கிக்குள் உதடு மாட்டினால் என்ன ஆவது என்று நான்தான் கழற்றச் சொன்னேன். இப்போது இருப்பது இதுதான்: மேலே ஒரு கொண்டி, அவள் விளையாடிக்கொள்வதற்கு. அதன் கீழே, கதவின் வெளிப்பக்கம், அவள் கழுத்து எட்டாத ஆழத்தில் நிஜமான தாழ்ப்பாள். தரையோரம் காலால் தள்ளுகிற மூன்றாவது, கதவை உதைத்தால் அடிப்பாகம் விரியாமல் இருக்க. ஆனாலும் பூட்டு மட்டும் போடாதீர்கள். தீப்பிடித்தால் சாவி தேட நேரம் இருக்காது.

தண்ணீர்த் தொட்டி தானாக நிரம்புகிறதே?

மேல்நிலைத் தொட்டியில் போடுகிற மிதவை வால்வுதான். 200 லிட்டர் நீல டிரம்மை நெடுக்கில் பாதியாக அறுத்து, விளிம்பில் பிளந்த ஹோஸ் பைப்பைச் செருகியிருக்கிறார். மிதவை தனி அறையில் தகர மூடிக்கு அடியில் இருக்கிறது. வெளியே வைத்தால் அதுவும் விளையாட்டுச் சாமான் ஆகிவிடும். டிரம் வாங்கும்போது உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்கள். பூச்சிமருந்தோ ஆசிடோ என்றால் எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். எங்களுடையது பழக்கூழ் வந்த டிரம்.

இதில் ஒரு குறை உண்டு. குதிரை ஒருநாளைக்கு 25 முதல் 40 லிட்டர் குடிக்கும், வெயில் காலத்தில் கூடும். குடிப்பது குறைந்தால் அது வயிற்றுவலிக்கு ஓர் ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம். தானாக நிரம்புகிற தொட்டியில் அது தெரியாமலே போகும். அதனால் ராத்திரி வால்வை மூடிவிட்டு, உள்சுவரில் பெயிண்டால் போட்ட கோட்டை விடிகாலையில் பார்ப்பேன்.

தீனித் தொட்டிக்கு டயர் ஆகுமா?

ஆகும், நைலான் லாரி டயர். ரேடியல் வேண்டாம், கம்பி வெளியே வரும். டயருக்குள் ரப்பர் தொட்டியை இறக்கிவிட்டால் காலால் தட்டிக் கவிழ்க்க முடியாது. புல்லை வெறும் மணலில் போட்டால் மணலும் சேர்ந்து வயிற்றுக்குள் போய்ப் படியும். சந்தேகமாக இருந்தால் நாலைந்து லத்தியை, அதாவது குதிரைச் சாணத்தை, வாளித் தண்ணீரில் கரைத்து வைத்துப் பாருங்கள். அடியில் மணல் நிற்கும்.

மீன்வலையில் பை தைத்துப் புல் தொங்கவிட்டதும் அவர்தான். சிறிய கண்ணி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தின்பதால் குண்டுமணியின் தொப்பை குறைந்தது. “இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்று என் மாமியார் சொல்வார். இந்தக் கொழுத்தவனுக்குக் கொள்ளையும் குறைக்க வேண்டியதாயிற்று. வலை காலியானாலும் மார்புக்குக் கீழே தொங்கக் கூடாது. லாடத்தின் நுனி கண்ணியில் மாட்டினால் அவ்வளவுதான்.

தீனியைப் பற்றி இன்னும் ஒன்று. மாட்டுக்கு வளர்க்கிற கோ-4 புல்லையே முழு உணவாகக் கொடுக்காதீர்கள். அதில் இருக்கிற ஆக்சலேட் குதிரை உடம்பில் சுண்ணாம்புச் சத்து சேரவிடாது, நாளடைவில் முக எலும்பே வீங்கிப்போகும். தவிட்டை அள்ளிப் போடுவதும் அதே வம்புதான்.

ஃபிரிட்ஜ் எதற்கு லாயத்தில்?

ஓடாத ஃபிரிட்ஜை மல்லாக்கப் படுக்கவைத்தால் எலி நுழையாத கொள்ளுப் பெட்டி. உள்ளே யாராவது பிள்ளைகள் ஒளிந்து மூச்சு முட்டிவிடக் கூடாது என்று கதவு ரப்பரையும் காந்தத்தையும் உருவிவிட்டு, காற்றோட்டத்துக்குச் சல்லடைத் தகடு வைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். ஃபிரிட்ஜ் இருக்கிற அறைக்கு மட்டும் பூட்டு உண்டு. செல்லி உள்ளே புகுந்து வயிறு முட்டக் கொள்ளு தின்றால் வயிறும் போகும், குளம்பும் போகும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது.

கயிற்றில் கட்டி இழுக்கிறாரே, அந்தப் பலகை?

பழைய ஸ்பீக்கர்களின் காந்தங்கள் ஆறு, ஒரு பலகைக்கு அடியில். வேலை நடந்த நாளெல்லாம் சாயங்காலம் வாசல் முழுக்க இழுத்து வர வேண்டும். ஆணி, வெட்டிய கம்பி, வெல்டிங் ராடு முனை எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும்.

இது வந்த கதை நல்ல கதை இல்லை. கூரை ஏற்றிய சமயத்தில் ஒருநாள் ராஜா வலது முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றான். தூக்கிப் பார்த்தால் குளம்புக்கு அடியில் ஆணித்தலை பளபளக்கிறது. அவர் ஓடிப்போய்க் குறடு எடுத்து வந்துவிட்டார். டாக்டருக்கு ஃபோன் போட்டேன். “பிடுங்காதீங்க, எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் போயிருக்குன்னு நான் பார்க்கணும். இன்னும் உள்ளே ஏறாம மட்டும் பார்த்துக்கங்க” என்றார். ஆணியின் இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்துத் துணியால் சுற்றிக் கட்டி, இரண்டு மணி நேரம் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எக்ஸ்ரேயில் எலும்புக்கு அரை அங்குலம் தள்ளி நின்றிருந்தது. டெட்டனஸ் ஊசி முன்னமே போட்டிருந்தது பெரிய புண்ணியம். குதிரையைப் போல அந்த நோய்க்குச் சட்டென்று பலியாகிற மிருகம் குறைவு. அப்புறம் மூன்று வாரம் தினமும் கழுவி, மருந்து வைத்து, கைக்குழந்தைக்குக் கட்டுகிற டயபரைக் குளம்பில் மாட்டி, மேலே டேப் சுற்றினோம். மருந்துக்கடைக்காரர் “பேத்தி பிறந்திருக்காளுங்களா?” என்று கேட்டார்.

அந்த மூன்று வாரமும் அவர் கிரைண்டரைத் தொடவில்லை. நாலாவது வாரம் ஸ்பீக்கர் தேடிப் போனார்.

ஃபேன், லைட்டெல்லாம் வீட்டு வயரிங் மாதிரிதானா?

இல்லை. லாடம் கட்டிய காலோடு ஈரத்தில் நிற்கிற மிருகத்துக்கு நம்மைச் சும்மா தட்டிவிட்டுப் போகிற மின்கசிவே உயிரை எடுக்கப் போதும். கசிவு வந்ததும் கரண்டை நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போட்டு, வயரெல்லாம் குழாய்க்குள், குதிரை வாய் எட்டாத உயரத்தில். இந்த இணைப்பை மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் செய்தோம். வீட்டில் கழித்த டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து கட்டாதீர்கள். மோட்டாரில் தூசியும் வைக்கோல் பொடியும் அடைத்துத் தீப்பிடிக்கும். மூடிய மோட்டார் உள்ள ஃபேன்தான் சரி.

மரத்தைக் கடிக்காமல் இருக்க இன்ஜின் ஆயில் பூசலாமா?

கூடாது. கரையானுக்கு எல்லோரும் பூசுகிறார்கள்தான், ஆனால் குதிரை அதை நக்கும். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெயும் வேண்டாம், தோல் வெந்துபோகும். சட்டத்தின் மேல் விளிம்புக்குத் தகர ஆங்கிள் அடித்துவிடுங்கள். அடித்ததும் சேலை.

தோற்றுப்போன வேலை ஏதாவது?

நிறைய. பெரியது, கோடைக்குப் போட்ட பனித்தூவல். பசுமைக்குடிலில் வைக்கிற சிறிய நாசில்களைக் கூரையடியில் வரிசையாகப் பொருத்தி, மோட்டாரைப் போட்டார். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். பாம்பு என்று நினைத்தார்களோ என்னவோ, மூன்று பேரும் ஒரே தாவலில் வெளியே. ராஜா நாலு நாள் லாயத்துக்குள் கால் வைக்கவில்லை, மரத்தடியிலேயே தூங்கினான். நார்த்தூள் சொதசொதவென்று ஆனது இன்னொரு வினை. இப்போது அந்த நாசில்கள் என் கறிவேப்பிலை நாற்றுக்கு.

தகரத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தது அதைவிட உபயோகமான வேலை. செலவும் ஒன்றுமில்லை.

சேண ஸ்டாண்டு, லத்தி வண்டி எல்லாம்?

சேண ஸ்டாண்டு பாதியாகப் பிளந்த தென்னை மரத்துண்டு, மேலே சாக்கு. லத்தி வண்டிக்கு டி.வி.எஸ். 50 சக்கரம். ஒரு குதிரை ஒருநாளைக்கு 15 கிலோவுக்குக் குறையாமல் போடும், அதனால் சக்கரம் நல்லதாக இருக்கட்டும். நார்த்தூளிலிருந்து லத்தியைப் பிரிக்க மணல் சல்லடை. இதையெல்லாம் பார்த்தாலே செய்துவிடுவீர்கள்.

வண்டியில் ஏற்றப் பலகை செய்திருக்கிறாரா?

செய்யவிடவில்லை. 400 கிலோ மிருகம் பாதிப் பலகையில் நிற்கும்போது வெல்டு விட்டால் என்ன செய்வது? அதற்குப் பதிலாகத் தோப்பு வாசலில் கல் கட்டி மண் நிரப்பி, வண்டித் தளத்தின் உயரத்துக்குச் சாய்வாக ஒரு திட்டு போட்டார். குதிரை நடந்து ஏறி அப்படியே உள்ளே போய்விடும். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போகும்போது அங்கே இறக்குவதற்கும் இப்படி ஒரு மேடு தேடித்தான் நிறுத்துவோம்.

லாடமும் அவரே அடிக்கிறாரா?

இல்லை. லாடம் கட்டுகிற நல்ல ஆள் கிடைப்பது உண்மையிலேயே குதிரைக்கொம்பு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெளியூரிலிருந்து ஒருவர் வருகிறார். வயிற்று வாரையும் கடிவாளத்தையும்கூட வீட்டுக்காரர் தைக்க நான் விடமாட்டேன். அறுந்தால் கீழே விழுவது நான்.

எங்களுக்கும் செய்து தருவாரா?

விலைக்குச் செய்வதில்லை. வந்து பார்த்து அளவெடுத்துக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல், நாயைக் கூட்டி வராமல். பேச்சுவாக்கில் “உங்க வீட்டுல ஓடாத வாஷிங் மெஷின் கிடக்குதுங்களா?” என்று கேட்பார். தயவுசெய்து இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன.